ஒரே இலையில் இரண்டு பூஞ்சைகள்: குலை நோயும் செம்புள்ளி நோயும்

தாளடிப் பயிர் தூர் கட்டி நிற்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் டெல்டாவின் உரக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "அண்ணே, இலையெல்லாம் புள்ளி விழுந்து கெடக்கு. என்ன அடிக்கலாம்?" "குலை நோயாத்தான் இருக்கும் தம்பி. இந்தப் பாக்கெட்ட எடுத்துட்டுப் போயி கலந்து அடி, நின்னுரும்." இலை எங்கே என்று கடைக்காரர் கேட்பதில்லை. எந்த ரகம், எத்தனை நாள் பயிர், கடைசி மேலுரம் எப்போது போட்டது என்பதும் பேச்சில் வருவதில்லை. புள்ளி என்றால் குலை நோய், குலை நோய் என்றால் இந்த மருந்து என்று இரண்டு வாக்கியத்தில் ஒரு போகத்தின் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

நெல் இலையில் புள்ளி போடும் பூஞ்சைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, குலை நோயைத் தரும் பைரிகுலேரியா ஒரைசே. மற்றது, செம்புள்ளி நோய் அல்லது பழுப்புப் புள்ளி நோயைத் தரும் பைபோலாரிஸ் ஒரைசே. இரண்டும் ஒரே பயிரில், ஒரே வயலில், சில சமயம் ஒரே இலையிலேயே இருக்கும். ஆனால் இவற்றை அடையாளம் காணும் வேலை இரண்டிலும் ஒரே இடத்தில் முடிவதில்லை. செம்புள்ளியின் சிற்றினப் பெயர் தெரிந்துவிட்டால் மிச்சத்தை மண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். குலை நோயில் சிற்றினப் பெயர் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது. நம் பாடநூல்கள் இந்த இரண்டு நோய்களையும் ஒரே அட்டவணையில், ஒரே அளவு கட்டங்களில் அடைத்து வைப்பதால் இந்த வேறுபாடு மாணவர் கண்ணுக்கும் படுவதில்லை, களப்பணியாளர் கண்ணுக்கும் படுவதில்லை.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம். முதிர்ந்த குலை நோய்ப் புள்ளி கண் வடிவில் இருக்கும். இரண்டு முனையும் கூர்ந்து, இலையின் போக்கில் நீண்டு, நடுப்பகுதி சாம்பல் வெள்ளையாகவும் ஓரம் பழுப்பாகவும் தெரியும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். பல புள்ளிகள் சேர்ந்துவிட்டால் இலை முழுவதும் கருகிப்போகும். செம்புள்ளி அப்படி நீளாது. எள்ளை அள்ளி இலைமேல் தூவியதுபோல் சின்னச் சின்ன நீள்வட்டப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிக் கிடக்கும். பெரிதாகும்போது நடுவில் வெளிறி, சுற்றிலும் மெல்லிய மஞ்சள் வளையம் தோன்றும். குலை நோய் இளம் இலைகளை விரும்பும்; செம்புள்ளி முதிர்ந்த இலைகளில் கூடுதலாகத் தெரியும்.

இலையைத் தாண்டிப் போனால் வேறுபாடு இன்னும் துலங்கும். குலை நோய் இலையும் இலையுறையும் சேரும் இடத்தைத் தாக்கும், தண்டின் கணுவைத் தாக்கும், கடைசியில் கதிரின் கழுத்தைப் பிடிக்கும். கழுத்தில் பிடித்தால் அதற்கு மேல் பால் ஏறாது. கதிர் வெளுத்து, பதராகி, ஒடிந்து தொங்கும். இலையில் வந்தபோது கண்டுகொள்ளாமல் விட்ட விவசாயியும் கழுத்தில் வந்ததும் வாய்விட்டு அழுவார். ஏனென்றால் செலவெல்லாம் செய்து முடித்த பிறகு வரும் இழப்பு அது. செம்புள்ளியோ இலையோடு நெல்மணிக்கும் போகும். உமியில் கரும்பழுப்புப் புள்ளிகள் விழும், அரிசி நிறம் மங்கிச் சுருங்கும். அந்த விதையையே எடுத்து விதைத்தால் நாற்றங்காலில் முளைக்குருத்து பழுப்பேறி நாற்று சாகும்.

வயலைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதும் ஒரு சோதனைதான். குலை நோய் பெரும்பாலும் திட்டுத் திட்டாகத் தொடங்கும். யூரியா கூடுதலாக விழுந்த இடம், மரநிழல் படும் மூலை, பயிர் கரும்பச்சையாகச் செழித்து நெருங்கி நிற்கும் பகுதி என்று அதற்குத் தோதான இடங்கள் உண்டு. செம்புள்ளி மேட்டுப் பகுதியில், தண்ணீர் எட்டாத ஓரத்தில், மண் வலுவிழந்த கட்டத்தில், பயிர் வெளிறி நிற்கும் இடத்தில் தெரியும். ஒன்று செழிப்பில் வரும் நோய், மற்றது வறுமையில் வரும் நோய். நோய் மேலாண்மையில் இதைவிடப் பெரிய வேறுபாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் குழப்பம் வருகிறது? மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் முதிர்ந்த புள்ளிக்கும், நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் ரகத்துக்கும் பொருந்துபவை. தொடக்க நிலையில் இரண்டுமே ஊசி குத்தியதுபோன்ற பழுப்புப் பொட்டுகள்தாம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நோய் எதிர்ப்புள்ள ரகத்தில் குலை நோய்ப் பூஞ்சை நுழைந்தால், செடி அந்த இடத்துத் திசுக்களைத் தானே சாகடித்து அதைத் தடுத்து நிறுத்திவிடும். அப்போது கண் வடிவம் உருவாகாது. சின்னப் பழுப்புப் பொட்டு மட்டுமே மிஞ்சும். அது பார்ப்பதற்கு அச்சாகச் செம்புள்ளிதான். எதிர்த்திசையிலும் இதே தொல்லை உண்டு. எளிதில் நோய் பிடிக்கும் ரகத்தில் செம்புள்ளி பெரிதாகி நடுவில் சாம்பல் நிறம் பெற்றுவிட்டால், அவசரமாகப் பார்ப்பவர் குலை நோய் என்றே சொல்வார். இவை போதாவென்று சாம்பல்சத்துக் குறைவும் துத்தநாகக் குறைவும் இலையில் பழுப்புப் பொட்டுகளை உண்டாக்கும். அவற்றில் பூஞ்சையே கிடையாது. கழுத்துப் பகுதியில் பழுப்பேறிய கதிரைப் பார்த்து எந்தப் பூஞ்சை என்று வெறுங்கண்ணால் சொல்பவரை நான் நம்புவதில்லை, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

ஆகவே நுண்ணோக்கி வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. புள்ளி உள்ள இலைத்துண்டுகளை ஓடும் தண்ணீரில் அலசி, நனைத்த வடிதாள் விரித்த பெட்ரி தட்டில் வைத்து மூடி ஓர் இரவு விட்டால் போதும். ஈரத்தில் பூஞ்சை வித்துகளை உண்டாக்கும். காலையில் கைலென்ஸ் வழியாகப் பார்த்தால் குலை நோய்ப் புள்ளியின் நடுவே சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு தெரியும். செம்புள்ளியில் கரும்பழுப்பு மயிர்கள் ஒன்றிரண்டாக விறைத்து நிற்கும். ஒட்டுநாடாவின் ஒட்டும் பக்கத்தை அதன்மேல் லேசாக வைத்து எடுத்து, கண்ணாடிச் சில்லில் லாக்டோபீனால் காட்டன் ப்ளூ என்ற சாயத்தை ஒரு சொட்டு விட்டு அதன்மேல் ஒட்டி, 400 மடங்கில் பார்க்க வேண்டும்.

அந்த வட்டத்துக்குள் தெரிவதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பைரிகுலேரியாவின் வித்து நிறமற்றது அல்லது மிக வெளிறியது. அடிப்பக்கம் அகன்று நுனி குறுகி இருக்கும்; இரண்டே தடுப்புச் சுவர்கள், மூன்றே அறைகள். நீளம் 20 மைக்ரான் அளவு. அடியில், காம்பிலிருந்து கழன்ற இடத்தில், சிறு முனைப்பு துருத்திக்கொண்டிருக்கும். காம்பின் நுனியில் வித்துகள் ஒன்றையடுத்து ஒன்றாக முளைத்து உதிர்ந்த இடங்களில் சின்னச் சின்னப் பற்கள் மிச்சமிருக்கும். பைபோலாரிஸின் வித்து அதைவிட நாலைந்து மடங்கு நீளம். 100 மைக்ரானை ஒட்டியும் சில வேளை 150ஐத் தொட்டும் இருக்கும். நல்ல பழுப்பு நிறம், ஒரு பக்கம் வளைந்த உடல், இரு முனையும் ஒடுங்கியது, உள்ளே 6 முதல் 14 வரை தடுப்புகள். தண்ணீரில் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் இரண்டு கோடியில் உள்ள அறைகளிலிருந்து மட்டும் முளைக்குழாய் வெளிவரும். நடு அறைகள் சும்மா இருக்கும். முதல் முறை பார்க்கும் மாணவர்கூட இந்த இரண்டையும் மாற்றிச் சொல்ல மாட்டார். கண்ணுக்கு இரட்டையர்போல் தெரிந்தவை இங்கே ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாதவை ஆகிவிடுகின்றன.

உறவு இல்லை என்பது வகைப்பாட்டிலும் உண்மை. இரண்டும் அஸ்கோமைகோட்டா என்ற பெரிய தொகுதியைச் சேர்ந்தவை. ஒற்றுமை அத்தோடு சரி. பைரிகுலேரியா சோர்டாரியோமைசீட்ஸ் வகுப்பு, மேக்னபோர்த்தேல்ஸ் துறை. பைபோலாரிஸ் டோத்திடியோமைசீட்ஸ் வகுப்பு, பிளியோஸ்போரேல்ஸ் துறை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரு கிளைகள் ஒரே பயிரின் ஒரே இலையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இவற்றுக்குப் பெயர் வைத்த வரலாற்றை விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு பூஞ்சைகளும் பலமுறை பெயர் மாறின. ஆனால் மாறிய விதம் வேறு.

செம்புள்ளியை எடுத்துக்கொள்வோம். ஜாவாவில் பணியாற்றிய டச்சு ஆய்வாளர் வான் பிரெடா டி ஹான் 1900இல் இதற்கு ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே என்று பெயரிட்டார். 1927இல் ஜப்பானில் இட்டோவும் குரிபயாஷியும் இதன் பாலினப் பருவத்தைக் கண்டு ஆஃபியோபோலஸ் மியாபியானஸ் என்றார்கள். அக்கால விதிப்படி ஒரு பூஞ்சையின் பாலினப் பருவத்துக்கு ஒரு பெயர், பாலிலாப் பருவத்துக்கு இன்னொரு பெயர் இருக்கலாம். பிறகு அந்தப் பாலினப் பருவம் காக்லியோபோலஸ் பேரினத்துக்கு மாறியது. 1959இல் கனடாவின் ஷூமேக்கர், இரு முனையிலும் முளைக்கும் வளைந்த வித்துள்ளவற்றைத் தனியே பிரித்து பைபோலாரிஸ் பேரினத்தை நிறுவி, இதை அதில் சேர்த்தார். 1966இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்ரமணியன், ஜெயினுடன் சேர்ந்து இதை டிரெக்ஸ்லெரா ஒரைசே ஆக்கினார். எழுபது, எண்பதுகளின் இந்திய ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பெயரே பரவலாக வழங்கியது. சுப்ரமணியன் சாதாரண ஆள் இல்லை. பாலிலாப் பூஞ்சைகளை வித்து உருவாகும் முறையைக் கொண்டு வகைப்படுத்துவதில் உலகம் கவனித்த பெயர் அவருடையது. இந்தியச் சிற்றினங்களைத் தொகுத்து அவர் எழுதிய 'ஹைஃபோமைசீட்ஸ்' நூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1971இல் வெளியிட்டது. பைபோலாரிஸையும் டிரெக்ஸ்லெராவையும் பிரிக்கும் கோடு பேரினம் அளவுக்குக் கனமானதா என்ற கேள்வி அப்போது நியாயமானதுதான். வித்து முளைக்கும் இடத்தை வைத்து ஷூமேக்கர் போட்ட கோடு சரி என்று பின்னால் மரபணு ஆய்வுகள் காட்டின. ஒரு நுண்ணோக்கியும் பொறுமையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் போட்டவரையும், அதைக் கேள்வி கேட்டவரையும் நான் ஒரே மரியாதையோடு பார்க்கிறேன்.

2011இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு, ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று விதியை மாற்றியது. காக்லியோபோலஸ் பழைய பெயர் என்றாலும், புழக்கத்தில் வேரூன்றிய பைபோலாரிஸையே வைத்துக்கொள்ளலாம் என்று துறையினர் முடிவு செய்தார்கள். பழைய பெயர் ஒன்று மட்டும் வேறொரு இடத்தில் தங்கிவிட்டது. இந்தப் பூஞ்சை சுரந்து இலைத் திசுவைக் கொல்லும் நச்சுக்கு இன்றும் ஆஃபியோபோலின் என்றே பெயர்.

இத்தனை மாற்றங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1900இல் டி ஹான் எந்தப் பூஞ்சையைக் கையில் வைத்திருந்தாரோ அதே பூஞ்சையைத்தான் இன்றும் பேசுகிறோம். பேரினம்தான் மாறிக்கொண்டே வந்தது. எது இந்தச் சிற்றினம், எது இல்லை என்ற எல்லை மாறவில்லை.

குலை நோயின் கதையில் அந்த எல்லையே மாறியது. சீனாவின் சொங் யிங்ஷிங் 1637இல் எழுதிய நூலிலேயே இந்த நோய் பற்றிய குறிப்பு உண்டு. புற்களில் உள்ள ஒரு பூஞ்சையை வைத்து சக்கார்டோ 1880இல் பைரிகுலேரியா பேரினத்தை நிறுவினார். அந்தப் பூஞ்சை பைரிகுலேரியா கிரீசியா. நெல்லில் உள்ளதை இத்தாலியின் கவாரா 1892இல் தனியாகப் பிரித்து பைரிகுலேரியா ஒரைசே என்றார். இரண்டின் வித்துகளையும் நுண்ணோக்கியில் பிரிக்க முடியாது. கவாராவின் பிரிவுக்குப் பெரிய ஆதாரம், எந்தச் செடியில் வாழ்கிறது என்பதுதான். 1971இல் அமெரிக்காவில் ஹெபர்ட், புல்லிலிருந்து எடுத்த வளர்ப்புகளை இணைசேர்த்துப் பாலினப் பருவத்தை முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். அது பின்னர் மேக்னபோர்த்தே கிரீசியா ஆனது. உருவத்தில் வேறுபாடு இல்லை, வெவ்வேறு புற்களிலிருந்து எடுத்தவை தமக்குள் இணைசேர்கின்றன என்ற இரண்டு காரணங்களை வைத்து, நெல்லில் உள்ளதும் கிரீசியாவே என்று 1990இல் முடிவானது. கவாராவின் பெயர் கைவிடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த முடிவு கவிழ்ந்தது. 2002இல் கவுச், கோன் இருவரும் ஆக்டின், பீட்டா டியூபுலின், கால்மாடுலின் ஆகிய மூன்று மரபணுக்களை ஒப்பிட்டார்கள். டிஜிடேரியா என்ற புல்லில் வாழ்வது ஒரு கிளை. நெல்லிலும் வேறு பல புல் வகைகளிலும் வாழ்பவை இன்னொரு கிளை. இரண்டுக்கும் நடுவே மரபணுப் பரிமாற்றம் இல்லை. நெல்லின் பூஞ்சை மறுபடி தனிச் சிற்றினம் ஆயிற்று. ஒரே பெயர் விதி வந்த பிறகு மேக்னபோர்த்தேயும் விலகி, கவாரா வைத்த பெயரே திரும்ப நிலைத்தது.

இதை வெறும் பெயர்த் தகராறு என்று ஒதுக்க முடியாது. 1990 முதல் 2002 வரையான விளக்கத்தை நம்பினால், வரப்பில் உள்ள டிஜிடேரியா புல்லும் நெல்லுக்குக் குலை நோய் பரப்பும் என்று எடுத்துக்கொள்ள வேண்டிவரும். எந்தக் களையை அழிப்பது, எதிலிருந்து நோய் வருகிறது என்ற கேள்விகளுக்கு விடை சிற்றின எல்லையில் இருக்கிறது. செம்புள்ளியில் டிரெக்ஸ்லெரா என்றாலும் பைபோலாரிஸ் என்றாலும் விவசாயி செய்வதில் எந்த மாற்றமும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டு நோய்களோடும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. இந்தியாவில் குலை நோய் முதலில் பதிவானது 1913இல், தஞ்சை டெல்டாவில். 1919இல் அதே டெல்டாவில் அது கொள்ளைநோயாகப் பரவியது. சென்னை மாகாண அரசின் பூஞ்சையியலாளராகக் கோயம்புத்தூரிலிருந்து பணிசெய்த மெக்ரே இதை ஆராய்ந்து எழுதினார். செம்புள்ளியை அதே 1919இல் சென்னை மாகாணத்தில் பதிவுசெய்தவர் சுந்தரராமன்.

ஆனால் செம்புள்ளியின் பெயர் உலக வரலாற்றில் ஏறியது வங்காளத்தில். 1942இல் அங்கே அறுவடைப் பருவத்தில் இந்த நோய் பயங்கரமாகப் பரவியது. எஸ்.ஒய். பத்மநாபன் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், சின்சுரா, பாங்குரா நெல் ஆய்வு நிலையங்களின் 1941, 1942 மகசூல்களை ஒப்பிட்டு, சில ரகங்களில் இழப்பு 90 சதவீதம் வரை போனதைக் காட்டினார். 1943 பஞ்சத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். பஞ்சத்துக்குப் பூஞ்சை மட்டுமே காரணம் என்று சொல்வது தவறு. போர்க்கால விலையேற்றம், படகுகளையும் அரிசி இருப்பையும் அரசு கைப்பற்றிய கொள்கை, அக்டோபர் 1942இன் புயல், கூலிக்காரர் கையில் வாங்கும் சக்தி இல்லாமல் போனது ஆகியவற்றை அமர்த்தியா சென் உள்ளிட்டோர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அரசின் குற்றத்தைப் பூஞ்சையின் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. அதேசமயம், வயலில் விளைச்சல் விழுந்ததைக் கண்டவர்களின் பதிவைத் தள்ளிவிடுவதையும் ஏற்க முடியவில்லை. கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் 1946இல் உருவானது அந்தப் பஞ்சத்தின் பின்விளைவாகத்தான்.

இனி, இந்தப் பூஞ்சைகள் இலைக்குள் நுழையும் முறை. மருந்து ஏன் ஒன்றில் கேட்கிறது, மற்றதில் கேட்பதில்லை என்பது இங்கேதான் விளங்கும். குலை நோய் வித்து பனி நீரில் முளைத்து, நுனியில் குவிந்த ஓர் உறுப்பை உண்டாக்கி இலைமேல் இறுக ஒட்டிக்கொள்ளும். அதன் சுவரில் மெலனின் என்ற கருநிறமி படியும். உள்ளே கிளிசரால் சேரும். தண்ணீர் உறிஞ்சப்பட்டு அழுத்தம் ஏறும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கு வரை அது ஏறக்கூடும். அந்த அழுத்தத்தில் மெல்லிய முளை ஒன்று இலையின் மேல்தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் செல்களைக் கொல்லாமல் உள்ளேயே வளர்ந்து, பிறகுதான் கொல்லத் தொடங்கும். புள்ளி வெளியே தெரிந்ததும் ஒவ்வொரு புள்ளியும் நாளுக்கு ஆயிரக்கணக்கான வித்துகளை இரண்டு வாரம் வரை உதிர்க்கும். குலை நோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் என்ற மருந்து செய்வது மெலனின் உருவாவதைத் தடுப்பது. மெலனின் இல்லையென்றால் அழுத்தம் நிற்காது, துளைக்க முடியாது. தட்டில் வளரும் பூஞ்சையை இந்த மருந்து பெரிதாகக் கொல்வதில்லை. இலைக்குள் நுழைய விடாமல் தடுக்கிறது, அவ்வளவே. செம்புள்ளிப் பூஞ்சை மெலனின் இல்லாமலும் நெல்லைத் தாக்கக்கூடியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது நச்சைச் சுரந்து, செல்களைக் கொன்று, செத்த திசுவில் வளரும். அதற்கு இந்த மருந்தை அடிப்பது பணத்தை வாய்க்காலில் விடுவது. மேன்கோசெப், புரோபிகோனசோல் போன்றவையும் விதை நேர்த்தியும்தான் அங்கே உதவும்.

தேவையில்லாத தெளிப்பால் வரும் கேடு காசோடு நிற்பதில்லை. அரிசியில் ட்ரைசைக்ளசோல் எச்சத்துக்கான வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. பாசுமதி ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

மருந்தைவிட உரத்தில் செய்யும் தவறு பெரிது. குலை நோய் கண்டால் யூரியாவை நிறுத்த வேண்டும். தழைச்சத்து கூடிய இலை அதற்கு விருந்து. செம்புள்ளி கண்டால் பயிருக்குச் சாப்பாடு போட வேண்டும்: பொட்டாஷ், தேவைப்பட்டால் தழைச்சத்தும், மண் ஆய்வு காட்டும் நுண்ணூட்டமும், தண்ணீரும். செம்புள்ளி விழுந்த வயலைக் குலை நோய் என்று நினைத்து உரத்தை நிறுத்தும் விவசாயி, பசியால் வாடும் பயிரை மேலும் பட்டினி போடுகிறார். இரண்டு நோய்க்கும் பொதுவாக உதவுவது சிலிக்கான் ஒன்றுதான். அது செறிந்த இலை இரண்டு பூஞ்சைகளையும் ஓரளவு தாங்கும்.

செம்புள்ளிக்கு அடையாளம் காணும் வேலை சிற்றினப் பெயரோடு முடிந்துவிடும். அதற்கு எதிராக நெல்லில் உள்ள எதிர்ப்பு, பல மரபணுக்கள் சேர்ந்து சிறிது சிறிதாகத் தருவது. இந்த ரகத்தை மட்டும் உடைக்கும் தனி உட்பிரிவு என்று திட்டமாகப் பிரிக்கத்தக்க வகைகள் அந்தப் பூஞ்சையில் நிலைநாட்டப்படவில்லை. குலை நோயில் நிலைமை நேர்மாறு. நெல்லின் ஓர் எதிர்ப்பு மரபணுவுக்குப் பூஞ்சையில் ஓர் இணை மரபணு என்ற கணக்கு அங்கே உண்டு. அந்த இணை மரபணுவைப் பூஞ்சை இழந்துவிட்டாலோ மாற்றிக்கொண்டாலோ, நேற்றுவரை நின்ற ரகம் இன்று படுத்துவிடும். நெல்லில் நூறுக்கும் மேற்பட்ட குலை நோய் எதிர்ப்பு மரபணுக்களுக்குப் பெயர் இடப்பட்டிருக்கிறது. எந்த வட்டாரத்தில் பூஞ்சையின் எந்த உட்பிரிவு புழங்குகிறது என்று தெரியாமல் அவற்றில் எதை நம்பி ரகம் வெளியிட முடியும்?

இந்த ஆராய்ச்சியில் உலகம் முழுவதும் ஒரு கோயம்புத்தூர் ரகத்தின் பெயர் புழங்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கோ 39 குலை நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் ரகம். அதனாலேயே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மெக்கில், போன்மன் இருவரும் அதில் எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றொன்றாகச் செலுத்தி, மற்றபடி ஒரே மாதிரியான வரிசைகளை உருவாக்கி 1992இல் வெளியிட்டார்கள். அந்த வரிசைகளில் எது தாங்குகிறது, எது விழுகிறது என்று பார்த்தால் வந்திருக்கும் உட்பிரிவு எது என்று சொல்லிவிடலாம். பூஞ்சையின் மரபணு ஒன்றுக்கே ஏவிஆர்1-கோ39 என்று பெயர். புல்லில் வாழும் பைரிகுலேரியாவிடம் அது உண்டு. கோ 39 அதை அடையாளம் கண்டு தடுத்துவிடும். நெல்லில் நோய் தரும் பெரும்பாலானவற்றிடம் செயல்படும் நிலையில் அது இல்லை. நெல்லுக்குக் குடிவந்த பூஞ்சை எதைக் கைவிட்டு வந்தது என்பதை இந்தக் கோயம்புத்தூர் நெல்லை வைத்துத்தான் கண்டார்கள்.

கேழ்வரகிலும் குலை நோய் உண்டு. அதையும் தஞ்சைப் பகுதியிலிருந்து மெக்ரேதான் 1920இல் பதிவுசெய்தார். கேழ்வரகில் உள்ளதும் இன்றைய கணக்கில் பைரிகுலேரியா ஒரைசேதான், ஆனால் வேறு கால்வழி. அது வழக்கமாக நெல்லுக்குத் தாவுவதில்லை. கோதுமையில் 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் தோன்றிய குலை நோயும் இதே சிற்றினத்தின் இன்னொரு கால்வழி. அது 2016இல் வங்கதேசத்தில் வந்திறங்கியபோது, சிற்றினப் பெயரை மட்டும் வைத்திருந்தால் ஒன்றும் விளங்கியிருக்காது. அந்தப் பெயர் நெல்வழியாக வங்கதேசத்தில் ஏற்கெனவே இருந்ததுதானே? நோயுற்ற இலைகளிலிருந்து மரபணு வரிசையைப் படித்து உடனே எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான், அது தென்னமெரிக்காவின் கோதுமைக் கால்வழி என்று சில வாரங்களில் தெரிந்தது. எல்லையை ஒட்டிய மேற்கு வங்க மாவட்டங்களில் கோதுமை பயிரிடுவதைச் சில ஆண்டுகளுக்குத் தடுத்தது அந்த அடையாளத்தை நம்பித்தான். கோதுமைக் கால்வழியைத் தனிச் சிற்றினமாக்க 2016இல் ஒரு முயற்சி நடந்தது. கால்வழிகளுக்கிடையே மரபணுக் கலப்பு நடந்திருப்பதைக் காட்டி 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். எனக்கு மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கலந்துகொண்டே இருக்கும் ஒன்றைப் பெயரால் பிரித்துவிட்டால், கலப்பைக் கண்காணிக்கும் எண்ணமும் மங்கிவிடும்.

மரபணு ஆய்வையும் கண்மூடி நம்புவதற்கில்லை. பூஞ்சைகளுக்கான பொது அடையாளமாக 2012இல் முன்மொழியப்பட்ட ஐ.டி.எஸ். என்ற பகுதியை மட்டும் படித்து, கணினித் தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை எழுதிவிடும் பழக்கம் நம் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. பைபோலாரிஸில் நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க அது போதாது. ஜிஏபிடிஹெச் போன்ற இன்னொரு மரபணுவும் தேவை. தரவுத்தளத்தில் உள்ள பழைய பதிவுகள் பல, தவறான பெயரோடு ஏற்றப்பட்டவை. வித்தைப் பார்க்காமல் வரிசையை மட்டும் படிப்பவர் அந்தத் தவறை அப்படியே நகலெடுக்கிறார்.

செம்புள்ளிக்குச் சிற்றினம் போதும் என்று சொன்னதும் என்றென்றைக்குமான தீர்ப்பு ஆகாது. அதன் நெருங்கிய உறவான பைபோலாரிஸ் மேடிஸ், அமெரிக்காவில் பல்லாண்டுகள் சிறு தொல்லையாகவே இருந்தது. மக்காச்சோள வீரிய ரகங்கள் பெரும்பாலும் ஒரே வகை ஆண்மலட்டு மூலத்திலிருந்து வந்தபோது, அந்த மூலத்தை மட்டும் குறிவைக்கும் நச்சோடு ரேஸ் டி என்ற உட்பிரிவு பெருகி, 1970இல் நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அழித்தது. நெல்லிலும் வீரிய ரகங்கள் குறுகிய மூலங்களை நம்பியிருக்கின்றன. ஆகவே செம்புள்ளி மாதிரிகளையும் சேகரித்து வைக்க வேண்டும்.

வட்டார வேளாண் விரிவாக்க மையம் ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணோக்கியும், அதைப் பார்க்கப் பழகிய ஒருவரும் இருந்தால் புள்ளிப் பிரச்சினையின் பெரும்பகுதி ஒரே இரவில் தீரும். குலை நோய் உறுதியானவற்றை மட்டும் உட்பிரிவு காண மேலே அனுப்பினால் போதும். எல்லாவற்றையும் அனுப்பி ஆய்வுக்கூடத்தை மூழ்கடிக்க வேண்டியதில்லை. மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இளம் புள்ளி, முதிர்ந்த புள்ளி இரண்டும் உள்ள இலைகளாக வயலின் நான்கைந்து இடங்களிலிருந்து பறிக்க வேண்டும். பனி உலர்ந்த பிறகு பறித்து, செய்தித்தாள் மடிப்பில் வைக்க வேண்டும். பாலித்தீன் பையில் போட்டால் ஓர் இரவில் அழுகல் பூஞ்சைகள் ஏறி உண்மையான நோய்க்காரணியை மூடிவிடும். ரகத்தின் பெயர், நட்ட தேதி, கடைசி மேலுரம் என்ன, எப்போது போட்டது, வயல் மேடா பள்ளமா, பக்கத்தில் கேழ்வரகு உண்டா, என்ன மருந்து ஏற்கெனவே அடித்தார்கள் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதே மடிப்பில் வைத்து, அன்றைக்கே அனுப்ப வேண்டும்.